கல்வெட்டுப் படத்தை ஊருக்கே பொதுவாக்குவது எப்படி?

மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் சமணர் மலைக்குப் போகிற எல்லோரும் அங்குள்ள கல்வெட்டுகளைப் படம் எடுக்கிறார்கள். அது வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு நாள் ஓடும், போன் நிரம்பியதும் போய்விடும். ஆராய்ச்சி செய்கிறவருக்கோ பள்ளிப் பிள்ளைக்கோ அது கிடைப்பதே இல்லை.

ஐசக் மாவ் என்ற சீன மென்பொருள் வல்லுநர் 2008-இல் ‘ஷேரிசம்’ என்று ஒரு கொள்கையை எழுதினார். நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி கடத்துவதுபோல மனிதர்களும் அறிந்ததைக் கடத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படுகிறது. சிம்மக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், எனக்குத் தெரிந்தது வெளிச்சம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சமணர் மலை அடிவாரத்தில், கீழக்குயில்குடி தாமரைக் குளத்தைத் தாண்டிப் படியேறினால் பேச்சிப்பள்ளம். வரிசையாகத் தீர்த்தங்கரர் என்ற சமணப் பெரியோரின் உருவங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் பாறைதான் வரும், வெட்டுக்குள் நிழல் விழாது. சாய்வெயில் வேண்டும். அது வாய்க்காவிட்டால் கூட வந்தவரை போன் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். எழுத்து எழும்பி வரும். டார்ச்சை இடம், வலம், மேல் என்று மாற்றி மூன்று படமாவது எடுங்கள், ஒன்றில் தெரியாத கோடு இன்னொன்றில் தெரியும். அளவு புரிய ஒரு ஸ்கேல் ஓரத்தில் இருக்கட்டும். தயவுசெய்து சாக்பீஸ் தேய்க்காதீர்கள். ஆயிரம் வருஷத்து எழுத்து அது.

அப்புறம் விக்கிமீடியா காமன்ஸில் கணக்கு தொடங்குங்கள், அது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையக் கிடங்கு. விக்கிப்பீடியா கட்டுரைகளுக்குப் படம் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது. போனில் இருக்கும் அசல் கோப்பையே ஏற்றுங்கள், வாட்ஸ்அப்பில் வந்தது சுருங்கிப்போயிருக்கும்.

உரிமம் கேட்கும் இடத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 (CC BY-SA 4.0) என்ற பொது உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மாற்றியதை வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது, யோசித்துக் கொடுங்கள். கல்யாணப் படம் எதையும் நான் அங்கே போடுவதில்லை, அது அந்த வீட்டாருடையது. கல்வெட்டு நம் எல்லோருடையது.

பெயர் வைப்பதில்தான் பலர் சோம்பல்படுகிறார்கள். கேமரா கொடுத்த எண்ணோடு விட்டால் தேடுகிறவர் கையில் சிக்காது. ‘பேச்சிப்பள்ளம் வட்டெழுத்துக் கல்வெட்டு, சமணர் மலை, மதுரை’ என்று முழுசாக வையுங்கள். இடமிருந்து எத்தனையாவது உருவம், டார்ச் எந்தப் பக்கம் என்பதை விளக்கத்தில் எழுதுங்கள். வாசகம் தெரியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். படித்துச் சொல்ல ஆள் வருவார்.

அரிட்டாபட்டி, கீழவளவு பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்தில் உள்ள கல்வெட்டு குகையின் நெற்றியில், கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. டார்ச்சைக் கம்பில் கட்டிக்கொண்டு போங்கள். கீழவளவில் எழுத்துகள் தலைகீழாகப் பொறிக்கப்பட்டவை, படத்தைத் திருப்பாமல் எடுத்தபடியே ஏற்றுங்கள்.