ஆஸ்திரேலியன் நேட்டிவ் பூங்கொத்து: கிஃப்டுக்கும் வீட்டுக்கும் பாத்து வாங்குறது எப்படி

இங்க ஒருத்தர் சாப்பிடக் கூப்பிட்டா வெறுங்கையோட போகக்கூடாதுன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. நம்மாளுங்க வீடுன்னா ஸ்வீட் பாக்ஸ் போதும், ஆனா ஆபீஸ் மேனேஜருக்கோ பசங்களோட டீச்சருக்கோ பக்கத்து வீட்டு வயசான அம்மாவுக்கோ பூ கொடுத்தா நல்லா இருக்குமேன்னு கடைக்குப் போனீங்கன்னா, ரோஜா லில்லி எல்லாம் ஒரு பக்கம் இருக்கும், இன்னொரு பக்கம் முள்ளும் முடியும் கொட்டையுமா ஒரு கூட்டம் பக்கெட்ல நிக்கும். அதுதான் நேட்டிவ்ஸ், அதாவது ஆஸ்திரேலியாவோட சொந்தப் பூ வகைங்க. புதுசா பாக்குறவங்களுக்கு இது பூவா காயான்னே டவுட் வரும், கடைசில பழகின ரோஜாவையே தூக்கிட்டு வந்துடுவாங்க.

நான் சிட்னில இருந்து எழுதுறேன், அதனால கீழ வர்ற மாசக் கணக்கெல்லாம் நியூ சவுத் வேல்ஸ் பக்கத்துக்குத்தான் சரியா வரும். மெல்போர்ன், பெர்த் ஆளுங்க கொஞ்சம் முன்னப்பின்ன வச்சுக்கோங்க. என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான்: பூவைப் பாத்து வாங்காதீங்க, மாசத்தைப் பாத்து வாங்குங்க. பேர் மனப்பாடம் பண்ண வேண்டாம், இந்த மாசம் எது வருதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

ஸ்டெப் 1: எது நிஜமாவே இந்த ஊர் பூ?

"நேட்டிவ் பன்ச்"னு (bunch, கொத்து) எழுதி விக்கிறதுல நெறைய தென்னாப்பிரிக்கா வகையா இருக்கும், யாரும் ஏமாத்தணும்னு பண்றதில்ல, கடைக்காரங்க வழக்கமே அப்படி. பெருசா கிண்ணம் மாதிரி விரியிற கிங் புரோட்டியா தென்னாப்பிரிக்காவோட தேசிய மலர். லூக்கடெண்ட்ரான், பின்குஷன் ரெண்டும் அங்கேருந்து வந்ததுதான். நம்ம பேங்க்ஸியா, வாரட்டா, கிரெவில்லியா எல்லாமும் அதே குடும்பம், கோண்ட்வானா காலத்துல நிலமெல்லாம் ஒட்டியிருந்தப்ப உள்ள சொந்தம், அதனால சேத்து வச்சா பாக்க ஒத்துப்போகும். இப்ப அதெல்லாம் இங்கயே பண்ணைல விளையுது.

வீட்டுக்குன்னா கலந்திருந்தா ஒண்ணும் தப்பில்ல. ஆனா இந்தியாவுல இருந்து வந்த அப்பா அம்மாவுக்கு இந்த ஊர் பூன்னு காட்டவோ, தோட்டம் செடின்னு ஆர்வமா இருக்குற ஆஸ்திரேலியருக்குக் கொடுக்கவோ வாங்குறீங்கன்னா "புரோட்டியா வேண்டாம், ஆஸ்திரேலியன் மட்டும் போடுங்க"ன்னு வாய்விட்டு சொல்லிடுங்க. சொன்னா போடுவாங்க. (அப்பா அம்மாகிட்ட இன்னொண்ணும் சொல்லலாம், ஊட்டி தைல மரமும், ஏற்காடு காபி எஸ்டேட்ல நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக்கும் இங்கேருந்து போனதுதான், சில்வர் ஓக் ஒரு கிரெவில்லியா.)

ஸ்டெப் 2: காலண்டரைப் பாருங்க

மார்ச்ல இருந்து மே வரைக்கும் பேங்க்ஸியா, சோளக்கதிர் மாதிரி விறைப்பா நிக்கும். இங்க அன்னையர் தினம் மே மாசம் ரெண்டாவது ஞாயிறு, ஊரே சாமந்தி வாங்கும், அன்னைக்கு நாலு பேங்க்ஸியாவும் கொஞ்சம் யூக்கலிப்டஸ் இலையும் கொண்டு போனா தனியா தெரியும். பேங்க்ஸியால சுமார் 170 வகை இருக்கு, ஒண்ணே ஒண்ணு மட்டும் நியூ கினி பக்கமும் வளருது, மத்த எல்லாமே ஆஸ்திரேலியா மட்டும்தான். 1770ல கேப்டன் குக் கப்பல்ல வந்த ஜோசப் பேங்க்ஸ் பேர்தான் அதுக்கு.

ஜூன் ஜூலை ஆகஸ்ட் குளிர்ல ஜெரால்ட்டன் வாக்ஸ், த்ரிப்டோமீன்னு குட்டிப் பூ வகை ரெண்டு, கூடவே வாட்டில். வாட்டில்தான் தேசிய மலர், கோல்டன் வாட்டில்னு 1988ல அதிகாரபூர்வமா அறிவிச்சாங்க, கிரிக்கெட் டீமோட பச்சை-மஞ்சள் கலரும் அதை ஒட்டித்தான், செப்டம்பர் 1 வாட்டில் டே. இவ்ளோ பெருமை இருந்தும் வெட்டி வச்சா ரெண்டு மூணு நாள்ல அந்த மஞ்சள் பந்தெல்லாம் சுருங்கிக் கொட்ட ஆரம்பிச்சுடும். அதனால கிஃப்டுக்கு நான் சொல்ல மாட்டேன், வீட்டுல அன்னைக்கு விருந்தாளி வர்றாங்கன்னா ஒரு ஜாடி நிறைய வைங்க, சூப்பரா இருக்கும்.

செப்டம்பர் அக்டோபர்னா கேள்வியே இல்ல, வாரட்டா. கையளவு பெருசா, அடிச்சு விட்ட சிவப்பு, 1962ல இருந்து நியூ சவுத் வேல்ஸோட மாநில மலர், இங்க ரக்பி டீம் பேர் கூட வாரட்டாஸ்தான். சீசன் சின்னது, அதனால தண்டுக்கணக்குல விலை கொஞ்சம் கடிக்கும், ஆனா மூணு தண்டு போதும், வேற எதுவும் வேண்டாம். இதே சமயத்துல ஃப்ளானல் ஃப்ளவரும் வரும், வெள்ளையா, தொட்டா துணி மாதிரியே மெத்துமெத்துன்னு இருக்கும், இதழ் நுனில மட்டும் லேசா பச்சை. கல்யாணம், வளைகாப்பு மாதிரி விசேஷத்துக்கு வெள்ளைப் பூ கேக்குறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல சாய்ஸ் கிடையாது.

கங்காரு பா (paw, கங்காரு பாதம் மாதிரி இருக்குறதால அந்தப் பேர்) வசந்தத்துல ஆரம்பிச்சு கோடை வரைக்கும் ஓடும், சிவப்பு பச்சை கலந்த வகை மேற்கு ஆஸ்திரேலியாவோட மாநில மலர், கடையில மஞ்சள் ஆரஞ்சு கூட கிடைக்கும். டிசம்பர்ல கிறிஸ்மஸ் புஷ். அதுல ஒரு வேடிக்கை, சிவப்பா தெரியறது பூவே இல்ல, வெள்ளைப் பூ முன்னாடியே பூத்து முடிஞ்சிடும், அதுக்கு அப்புறம் அடியில இருக்குற புல்லி இதழ் பெருசாகி சிவக்கும், அதைத்தான் நாம பூன்னு வாங்குறோம். ஜனவரி பிப்ரவரி வெயில்ல இலை வகைகளும் காய வச்ச பூவும்தான் தாங்கும்.

ஸ்டெப் 3: யாருக்கு, எங்க வைக்கப் போறாங்க

ஆஸ்பத்திரிக்குன்னா மொதல்ல வார்டுக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்க, ஐசியு மாதிரி இடத்துல பூவே அனுமதிக்க மாட்டாங்க. அனுமதி உண்டுன்னா ஜாடியோட சேத்துக் கொடுங்க, அங்க ஜாடி தேடி நர்ஸ் அலையக்கூடாது. வாசனை ஒத்துக்காதவங்களுக்கு பேங்க்ஸியா, கங்காரு பா நல்லது, அதுல பெருசா வாசனை இல்ல.

பூனை இருக்குற வீட்டுக்கு லில்லி கொடுக்கவே கூடாது, அது பூனை உயிருக்கே ஆபத்து, அந்த வகைல நேட்டிவ்ஸ் நிம்மதி. ஆனா யூக்கலிப்டஸ் இலையை மென்னாலும் நாய் பூனைக்கு ஆகாது, செல்லப்பிராணி இருந்தா இலை இல்லாம கட்டச் சொல்லுங்க, இல்ல எட்டாத உயரத்துல வைக்கச் சொல்லுங்க.

சாமிக்கு வைக்கலாமான்னு நெறைய பேர் கேக்குறாங்க. நான் வைக்கிறேன். ஜெரால்ட்டன் வாக்ஸ் அஞ்சு இதழ்ல குட்டிக் குட்டியா இருக்கும், கிள்ளி எடுத்தா அர்ச்சனைக்கு உதிரிப்பூவா அருமையா ஆகும், மல்லிகை விலையைப் பாத்தா இது எவ்ளோவோ பரவாயில்ல.

ஸ்டெப் 4: கட்டு எப்படி இருக்கணும்

புதுசா வாங்குறவங்க பண்றது, கடையில இருக்குற எல்லாத்துலயும் ஒவ்வொண்ணு. அப்படி வாங்கினா வீட்டுல வச்சதும் கசகசன்னு இருக்கும், நேட்டிவ்ஸ் ஒவ்வொண்ணுமே தனியா கவனம் கேக்குற ஜாதி. பெரிய பூ ஒரே வகை, அதுல மூணோ அஞ்சோ. இடைவெளிய நிரப்ப சின்னப் பூ ஒரு வகை, ரைஸ் ஃப்ளவரோ வாக்ஸோ. இலை ஒரு வகை, சில்வர் டாலர் யூக்கலிப்டஸ் வாங்கினா எதோடயும் போகும். அவ்ளோதான். கொஞ்சம் விளையாட்டா இருக்கணும்னா பில்லி பட்டன்ஸ் நாலஞ்சு குச்சி சொருகுங்க, குச்சில குத்தின பூந்தி லட்டு மாதிரி மஞ்சளா நிக்கும், குழந்தைங்களுக்கு அதான் ரொம்பப் பிடிக்கும்.

கிரெவில்லியா பக்கெட்ல பாக்க அள்ளும், ஆனா பல வகை ஜாடில சீக்கிரம் உதிர்ந்துடும், கிஃப்டுக்கு விட்டுடுங்க.

ஸ்டெப் 5: கடையில கையில எடுத்துப் பாருங்க

இதுதான் முக்கியம், வெக்கப்படாதீங்க. வாக்ஸ் கொத்தைத் தலைகீழாப் பிடிச்சு லேசா ஒரு உதறு உதறுங்க, பொலபொலன்னு கொட்டினா பழசு, அப்படியே வச்சுட்டு அடுத்த கொத்தை எடுங்க. பழம் அடுக்கின ஷெல்ஃப் பக்கத்துல பூ பக்கெட் வச்சிருக்குற சூப்பர் மார்க்கெட்ல இது அடிக்கடி நடக்கும், பழத்துல இருந்து வர்ற எத்திலீன் கேஸ் வாக்ஸுக்கு ஆகாது, பூ மொட்டெல்லாம் கழண்டு விழுந்துடும். வீட்டுலயும் பழக்கூடை பக்கத்துல வைக்காதீங்க.

வாரட்டால நடுக்குமிழைப் பாருங்க, அதுல நூத்துக்கும் மேல குட்டிப் பூ இருக்கும், பெரும்பாலும் மூடியே இருந்தா ஃப்ரெஷ், எல்லாம் விரிஞ்சு சுருண்டு நின்னா ரெண்டு மூணு நாள்தான். சுத்தி இருக்குற சிவப்பு மடல் ஓரம் கருத்திருந்தாலும் வேண்டாம். கங்காரு பாவுல கருப்புப் புள்ளி இருக்கக்கூடாது, ஒரு தண்டுல ரெண்டு மூணு பூவாவது விரிஞ்சிருக்கணும், முழுக்க மொட்டா வாங்கினா ஜாடில விரியும்னு உறுதி கிடையாது. அதுல இருக்குற முடி சிலருக்கு அரிக்கும், தொட்ட கையோட கண்ணைக் கசக்காதீங்க. பேங்க்ஸியால இலையைப் பாத்தாலே போதும், விறைப்பா பச்சையா இருந்தா வாங்கலாம்.

மொத்தமா வாங்கணும்னா ஃப்ளெமிங்டன்ல இருக்குற சிட்னி ஃப்ளவர் மார்க்கெட்டுக்கு விடியக்காலைல போங்க, பொதுமக்களுக்கும் விப்பாங்க. காட்டுல பூத்திருக்கேன்னு நீங்களே பறிக்கிற ஐடியா மட்டும் வேண்டவே வேண்டாம், நேஷனல் பார்க்ல பறிச்சா ஃபைன், மேற்கு ஆஸ்திரேலியால ரோட்டோரத்துல காட்டுப் பூ பறிக்கவே லைசென்ஸ் வேணும்.

ஸ்டெப் 6: வீட்டுக்கு வந்ததும்

காருக்குள்ள வெயில்ல விட்டுட்டு ஷாப்பிங் போகாதீங்க, பூவைக் கடைசியா வாங்குங்க. வந்ததும் கட்டைப் பிரிச்சு, தண்ணிக்குள்ள போற உயரம் வரைக்கும் இலையெல்லாம் உருவிடுங்க, ஒரு இலை அழுகினாலும் தண்ணி நாறும். அப்புறம் அடியில ரெண்டு சென்டிமீட்டர் சாய்வா வெட்டணும். பேங்க்ஸியா தண்டு சுள்ளி மாதிரி கெட்டி, கிச்சன் கத்திரி வளைஞ்சுடும், தோட்டத்துக் கத்திரி வேணும். சுத்தியலால நுனியை நசுக்குங்கன்னு பழைய ஆளுங்க சொல்வாங்க, வேண்டாம், நசுங்கின இடத்துல பாக்டீரியா சேந்து தண்ணி ஏறுறதே அடைச்சுக்கும். சுத்தமான ஒரே வெட்டு, அது போதும்.

ஜாடி கனமா இருக்கட்டும். லேசான கண்ணாடி ஜாடில அஞ்சு பேங்க்ஸியா வச்சா ராத்திரி தடால்னு சாயும், பீங்கானோ மண்ஜாடியோ எடுங்க, இல்லாட்டி அடியில கூழாங்கல் போடுங்க. மொதல் நாள் நேட்டிவ்ஸ் எவ்ளோ தண்ணி குடிக்கும்னு பாத்தா ஆச்சரியப்படுவீங்க, சாயங்காலம் ஒரு தடவ எட்டிப் பாத்து ஊத்துங்க. அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தண்ணி மாத்தி, நுனியை லேசா வெட்டி விட்டா வாரட்டா ஒரு வாரத்துக்கு மேல, வாக்ஸ் பத்து நாள், பேங்க்ஸியாவும் யூக்கலிப்டஸும் ரெண்டு மூணு வாரம் கூட வரும். நேர் வெயிலும் ஹீட்டர் காத்தும் படக்கூடாது.

ஸ்டெப் 7: காய வைக்கிறது

பேங்க்ஸியா, பில்லி பட்டன்ஸ், பேப்பர் டெய்ஸி மூணையும் வாடுறதுக்கு முன்னாடியே எடுத்து, இலையைக் கழிச்சு, ரப்பர் பேண்ட் போட்டு, இருட்டா காத்தோட்டமா இருக்குற கப்போர்டுல ரெண்டு மூணு வாரம் தலைகீழாத் தொங்க விடுங்க. பேங்க்ஸியா கலர் போய் பழுப்பாகும், மத்த ரெண்டும் கலர் அப்படியே நிக்கும். யூக்கலிப்டஸ் இலை காஞ்சா நொறுங்கும், அதுக்கு கெமிஸ்ட் கடையில கிளிசரின் வாங்கி, ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு சுடுதண்ணி கலந்து தண்டை அதுல நிக்க வைங்க, ரெண்டு மூணு வாரத்துல இலை கருத்து வழவழன்னு ஆகும், உடையாது. வாரட்டாவும் ஃப்ளானல் ஃப்ளவரும் காய வச்சா நல்லா வராது, அதெல்லாம் நேரா தோட்டக் குப்பை போடுற பச்சை மூடி பின்னுக்குத்தான், போடும்போது கம்பி ரிப்பன் ரப்பர் பேண்ட் எல்லாத்தையும் உருவிட்டுப் போடுங்க.