மும்பையில் ஒன் பிஎச்கே பார்க்கப் போகிறவர்களுக்கு

வேலை கிடைத்து மும்பைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கேட்பது, "அக்கா, ஒன் பிஎச்கே என்ன வாடகை ஆகும்?" நான் திருப்பிக் கேட்பது, "ஆபீஸ் லோக்கல் ரயிலின் எந்த லைனில்?" சர்ச்கேட் பக்கம் என்றால் வெஸ்டர்ன். சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) பக்கம் என்றால் சென்ட்ரல் அல்லது ஹார்பர். ஏறிய ரயிலிலேயே போய் இறங்கும்படி வீடு பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு தாதரில் லைன் மாறி வேலைக்குப் போனால், ஆபீஸ் போய்ச் சேரும்போதே உடம்பில் தெம்பு இருக்காது.

மாட்டுங்காவில் கோயில், மெஸ், மல்லிகைப்பூ எல்லாம் உண்டு, வாடகையும் அதற்கேற்ப. கொஞ்சம் குறைவாக வேண்டுமானால் செம்பூர், முலுண்ட் பாருங்கள். இன்னும் குறைய வேண்டுமென்றால் தானே தாண்டி டோம்பிவ்லி வரை போக வேண்டும். நான் செம்பூர்க்காரி, அதனால் கொஞ்சம் பட்சபாதம் இருக்கும்.

அடுத்தது கைப்பணம். வாடகை 40,000, டெபாசிட் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோக்கருக்கு வழக்கமாக ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகையும் சேர்த்தால் சாவி வாங்கும் முன்பே 2,30,000 ரூபாய் வேண்டும். ஆபீஸில் வீட்டு டெபாசிட்டுக்கு அட்வான்ஸ் தருவார்களா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். 'ஹெவி டெபாசிட்' என்றால் வேறு கணக்கு: பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமலோ சொற்ப வாடகைக்கோ இருப்பது. அவ்வளவு பணத்தை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வீடு பார்க்கப் பகலில் போங்கள். ஹாலைப் பார்த்து மயங்காமல் நேரே ஜன்னல் பக்கச் சுவருக்குப் போங்கள், முக்கியமாக மேற்குப் பக்கத்துக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைச்சாரல் அடிப்பது அங்கேதான். சுவரில் ஓரிடம் மட்டும் புதுப் பெயிண்டாக இருக்கிறதா? உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டி உப்பி, பொருபொருவென்று உதிர்ந்தால் மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் இறங்கும். பீரோவின் பின்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையைப் பெயிண்டால் மறைக்க முடியாது. கடைசி மாடி என்றால் சீலிங்கையும், உங்கள் பாத்ரூமுக்கு நேர் மேலே மாடி வீட்டுப் பாத்ரூம் இருந்தால் உங்கள் பாத்ரூம் கூரையையும் பாருங்கள். மழைத்தண்ணீர் தேங்கும் கிங்ஸ் சர்க்கிள், ஹிந்த்மாதா பக்கம் தரைத்தளம் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதைப் புரோக்கரிடம் கேட்காமல் வாட்ச்மேனிடம் கேளுங்கள். பல கட்டடங்களில் காலையில் கொஞ்ச நேரம்தான். வீட்டுக்குள் லாஃப்டில் (பரணில்) டேங்க் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிடுங்கள். வாட்ச்மேனிடமே இன்னொன்றும் கேளுங்கள்: "பில்டிங் ரீடெவலப்மென்ட்டுக்கு, அதாவது இடித்துக் கட்டப் போகிறதா?" செம்பூரிலும் முலுண்டிலும் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. குடிபோன சில மாதத்தில் காலி செய்யச் சொன்னால் புரோக்கர் காசு வீண்.

வீட்டைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் டோக்கன் பணத்தை ஓனரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். அதற்கு முன் வீட்டுப் பத்திரத்தின் இன்டெக்ஸ் டூ (பதிவு அலுவலகம் தரும் பத்திரச் சுருக்கம்), கரண்ட் பில், சொசைட்டி (கட்டட வீட்டுக்காரர்கள் சங்கம்) மெயின்டெனன்ஸ் பில் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா பாருங்கள். வீட்டைப் பார்க்கும் முன்பே போனில் முன்பணம் கேட்பவரை அத்தோடு விட்டுவிடுங்கள்.

இங்கே வாடகைக்குப் போடுவது 'லீவ் அண்ட் லைசென்ஸ்' அக்ரிமென்ட், அதாவது குறிப்பிட்ட காலம் குடியிருக்க ஓனர் தரும் அனுமதி, வழக்கமாக 11 மாதம். 11 மாதம்தானே, நோட்டரி போதும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, 55ஆம் பிரிவுப்படி எத்தனை மாதமானாலும் பதிவு செய்தாக வேண்டும். அது ஓனரின் பொறுப்பு. செலவும் பெரிதில்லை. முத்திரைக் கட்டணம் 0.25 சதவீதம்: மொத்த வாடகையோடு டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியைக் கூட்டிக் கணக்கிடுவார்கள். மேலே சொன்ன கணக்குக்குச் சுமார் 1,135 ரூபாய். பதிவுக் கட்டணம் 1,000. ஏஜென்ட் வீட்டுக்கே வந்து ஆதார் கைரேகை எடுத்துக்கொள்வார். அவர் கூலி தனி.

கையெழுத்துக்கு முன் லாக்-இன் (இடையில் காலி செய்ய முடியாத காலம்) எத்தனை மாதம், நோட்டீஸ் எத்தனை நாள், மெயின்டெனன்ஸ் யார் கட்டுவது என்று படியுங்கள். ஓனர் குடியில்லாததற்காகச் சொசைட்டி வசூலிக்கும் கட்டணம் ஓனருடையது. அதை உங்கள் தலையில் கட்டவிடாதீர்கள். சொசைட்டி கமிட்டி "பேச்சலரா? அசைவமா?" என்று கேட்கும். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மீன் சமைக்கப் பயந்துகொண்டு ஒரு வருஷம் இருக்க முடியாது.

சாவி வாங்கும் நாளில் மீட்டர் ரீடிங், கீறல் விழுந்த டைல்ஸ், கீசர், ஃபேன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கு அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். டெபாசிட்டைச் சாவி திருப்பிக் கொடுக்கும் அதே நாளில் தர வேண்டும், பெயிண்டுக்கென்று பிடிக்கக் கூடாது என்ற இரண்டு வரியும் அக்ரிமென்ட்டிலேயே இருக்கட்டும்.