மழையில்லாத நாளிலும் நசநசத்த உர மூட்டைகள்

கிடங்கில் யூரியா அடுக்கின் ஒரு பக்கம் மட்டும் அடிமூட்டைகள் நசநசத்துக் கிடந்தன. தரையில் பிசுபிசுப்பான நீர், அதுவும் மழையே இல்லாத நாட்களில்.

கூரையில் ஒழுகல் இல்லை. தரை ஈரமோ என்று பிளாஸ்டிக் விரிப்பு போட்டால், விரிப்பின் மேலேயே நீர் நின்றது. காற்றோட்டத்துக்காகக் கதவைத் திறந்து வைத்ததும் இன்னும் மோசமானது.

பிடி கிடைத்தது இடத்தைக் கவனித்தபோதுதான். கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் என்ற இன்னொரு உரத்தின் அடுக்கை ஒட்டிய பக்கத்திலும், இரண்டுக்கும் பொதுவான துடைப்பம் போன தடத்திலும் மட்டுமே ஈரம். 30 டிகிரி செல்சியஸில் யூரியா தனியாக இருந்தால், காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிய பிறகே நீரை இழுக்கும். அந்த உரத்தில் உள்ள அம்மோனியம் நைட்ரேட்டுக்கு அது 60 சதவீதத்தை ஒட்டி. இரண்டும் கலந்தால் சுமார் 18 சதவீதமே போதும். அவ்வளவு வறண்ட காற்று சாதாரணக் கிடங்கில் கிடைக்காது.

நைட்ரேட்டை எதிர்ச்சுவர்ப் பக்கம் மாற்றி, நடுவே வெற்று நடைபாதை விட்டோம். தரையைச் சுரண்டித் துடைத்துக் காயவிட்டோம். துடைப்பம், முறம், தராசுத் தட்டு எல்லாம் இரண்டுக்கும் தனித்தனி. கிழிந்த மூட்டையை உடனே வேறு பைக்கு மாற்றுகிறோம். ஈரம் நின்றுவிட்டது, பெரிய நிம்மதி.

சிந்தியதன்மேல் மரத்தூள் மட்டும் போடவே கூடாது. நைட்ரேட் ஊறிய மரத்தூள் தீப்பிடித்தால் மூர்க்கமாக எரியும். காய்ந்த மணல் போதும். நைட்ரேட் ஊறிய மரப்பலகைகளையும் இதே காரணத்துக்காக வெளியேற்றிவிட்டோம். கலந்துபோன குப்பை மூட்டைக்குத் திரும்பாது, பெயர் எழுதிய மூடிபோட்ட பிளாஸ்டிக் பீப்பாய்க்குத்தான் போகும்.