1/6 அளவு ஆக்‌ஷன் ஃபிகருக்குத் தலை செய்வது

பன்னிரண்டு அங்குல பொம்மைக்கு முகவாயிலிருந்து உச்சி வரை 37-38 மி.மீ. போதும். முடி அதற்கு மேல் ஏறும் என்பதால் மண்டையைச் சற்றுச் சிறிதாகவே தொடங்குங்கள்.

அலுமினியத் தாளை இறுக்கி உருட்டிக் கம்பியில் குத்தி, மேலே 5-6 மி.மீ. பாலிமர் களிமண் பூசுங்கள். தாள் தளர்வாக இருந்தால் உள்காற்று சூட்டில் விரிந்து வெடிப்பு விழும். கண்கள் தலையின் நடு உயரத்தில் வரவேண்டும். பலரும் மேலே ஏற்றிவிடுகிறார்கள். பிறகு அவனில் சுடுங்கள்: சூப்பர் ஸ்கல்பி என்ற பாலிமர் களிமண்ணுக்கு 130 டிகிரி செல்சியஸ், 6 மி.மீ. தடிமனுக்கு 15 நிமிடம். பொம்மையில் மாட்டியபடி சுடாதீர்கள், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

ஆறியபின் அடியில் துளையிட்டு எபாக்சி புட்டி (இரு பாகங்களைப் பிசைந்தால் இறுகும் பசை) அடைத்து, பொம்மையின் கழுத்துப் பந்தில், அதாவது தலை மாட்டும் உருண்டை முனையில், வாசலின் தடவி அதில் அழுத்துங்கள். முழுதும் இறுகுமுன் கழற்றுங்கள், இல்லையேல் சிக்கிக்கொள்ளும்.

சில ஸ்ப்ரே பிரைமர்கள் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பாலிமர் களிமண்ணில் பிசுபிசுப்பாகவே நிற்கும். தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமரே பாதுகாப்பு. தோல் நிறத்தை நீர்த்த பல பூச்சுகளாக ஏற்றுங்கள். கெட்டியாகப் பூசினால் நுண்கோடுகள் மூழ்கிவிடும்.

உயிர் கண்ணில்தான். சுத்த வெள்ளை வேண்டாம், லேசான சாம்பல் கலந்த வெள்ளை. கருவிழியின் மேல் ஓரம் இமைக்குள் மறையட்டும். முழு வட்டமும் தெரிந்தால் திகைத்த முழிதான் வரும். முகத்துக்குப் பளபளக்காத மேட் வார்னிஷ் அடித்து உலர்ந்தபின், கண்ணில் மட்டும் ஒரு துளி பளபளப்பான கிளாஸ் வார்னிஷ்.