கம்பைலர் எத்தனை அடைப்புக்குறி தாங்கும்? நாமே அளந்து பார்க்கும் முறை

கையால் எழுதும் கோட் கம்பைலரின் (கோடை மெஷின் ஓட்டும் வடிவுக்கு மாற்றும் புரோகிராமின்) வரம்பைத் தொடுவது அபூர்வம். ஸ்கிரிப்ட் எழுதித் தள்ளும் கோட்தான் போய் முட்டும்.

சி மொழிக்கான சி99 தரநிலை கம்பைலரிடம் கேட்பது குறைந்தபட்சம் மட்டுமே: அடைப்புக்குறி 63 அடுக்கு, ஒரு ஸ்விட்சில் 1023 கேஸ், ஒரு ஸ்ட்ரிங்கில் 4095 எழுத்து. அதுவும் இவையெல்லாம் உள்ள ஏதாவது ஒரு புரோகிராம் ஓடினால் போதுமாம். உங்கள் புரோகிராம் ஓடும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. அளந்துதான் பார்க்க வேண்டும்.

1. பைத்தானில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். எண் ஒன்றை வாங்கி, மெயின் ஃபங்ஷனின் ரிட்டர்னுக்குப் பின் அத்தனை அடைப்புக்குறிகளுக்குள் ஒரு பூஜ்யத்தை வைத்து சி ஃபைலாகச் சேமிக்கட்டும். எண் 3 என்றால் (((0))). ஹெடர் ஃபைல்கூட வேண்டாம். ஒரு சோதனையில் ஒரு வரம்பை மட்டும் அளந்தால்தான் விடை தெளிவாக இருக்கும்.

2. லினக்ஸில் டைம்அவுட் 60 நொடி வையுங்கள், யூலிமிட் என்ற கட்டளை மூலம் மெமரிக்கும் எல்லை போடுங்கள். இல்லையென்றால் பெரிய எண்ணில் மெஷினே தொங்கிவிடலாம்.

3. 64இல் தொடங்கி, ஃபைலைக் கம்பைல் செய்து பார்த்து, தோற்கும்வரை எண்ணை இரட்டிப்பாக்குங்கள். 256 தேறி 512 தோற்றால் அடுத்து 384. இப்படி இடைவெளியைப் பாதியாக்கினால் எட்டே முறையில் சரியான எண் கிடைக்கும்.

4. எப்படித் தோற்றது என்று பாருங்கள். முக்கியமான இடம் இதுதான். கிளாங் என்ற கம்பைலர் இயல்பாக ஒரு குறித்த எண்ணைத் (பழைய வெர்ஷன்களில் 256) தாண்டியதும் காரணத்தைச் சொல்லி நிற்கும். எந்த ஆப்ஷனால் உயர்த்தலாம் என்பதையும் காட்டும். ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரில் இதற்கென்று வைத்த எண் கிடையாது. ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் பார்சர் (கோடைப் படித்துப் பிரிக்கும் பகுதி) தன்னையே மீண்டும் அழைப்பதால், அந்த அழைப்புகளை வைக்கும் மெமரியான ஸ்டாக் நிரம்பி, செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற மெமரி எரரோடு விழும். ஆவணத்தில் இல்லாத வரம்பு என்பது பெரும்பாலும் இதுதான். கிளாங்கிலும் ஆப்ஷனை உயர்த்திக்கொண்டே போனால் கடைசியில் ஸ்டாக்கில்தான் முட்டும்.

5. விடையோடு கம்பைலர் வெர்ஷன், ஆப்ஷன்கள், ஸ்டாக் அளவு மூன்றையும் குறித்துவையுங்கள். ஸ்டாக் அளவு மாறினால், ஸ்டாக் நிரம்பி விழும் எண் மாறிவிடும்.

ஸ்ட்ரிங்கையும் இதே முறையில் அளக்கலாம். விஷுவல் ஸ்டுடியோ 2022க்கு முந்தைய மைக்ரோசாஃப்ட் கம்பைலர் ஒரே மேற்கோளுக்குள் சுமார் 16,380 பைட்டுக்கு மேல் போனால் சி2026 (ஸ்ட்ரிங் மிகப் பெரியது) எரர் தந்தது. துண்டுகளாக்கி அடுத்தடுத்து வைத்தால் அந்த எரர் வரவில்லை. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் நீண்ட எல்ஸ்-இஃப் சங்கிலி சி1061 (அடுக்குகள் மிக ஆழம்) எரரில் நிற்கும், ஒவ்வொரு எல்ஸும் ஓர் அடுக்காகக் கணக்காவதால். வரம்பை உயர்த்த வழி தேடாமல், ஸ்கிரிப்டைத் திருத்தி அந்த நிபந்தனைகளை ஒரு டேபிளாக எழுதவையுங்கள்.