தனியாகத் துடுப்பு வலிக்கும்போது காயம் பட்டால்

கரையோரமாகத் தனியாகப் போகும் படகில் ஒரு கை செயலிழந்தால் பாதிப் படகு போன மாதிரிதான். ஒற்றைத் துடுப்பால் வலித்தால் படகு வட்டமடிக்கும். கரையிலிருந்து காற்று வீசினால் நிமிடத்துக்கு நிமிடம் கரை தள்ளிப்போகும். அதனால் இரண்டு கையும் உழைக்கும்போதே சுமையைக் குறைத்துவிட வேண்டும். நீண்ட பயணத்தை முடிக்க வைப்பது இந்தப் பழக்கம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்பு வலிப்பதால் நாலைந்து நாள் ஓட்டலாம், நாலைந்து வாரம் ஓட்ட முடியாது.

முதலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மணிக்கட்டு. முன்கையின் மேற்பக்கம், பெருவிரல் வரிசையில், மணிக்கட்டுக்கு நாலைந்து விரற்கடை மேலே வீங்கும். அங்கே மறு உள்ளங்கையை வைத்து மணிக்கட்டை அசைத்துப் பாருங்கள். மணலை மிதிப்பதுபோல நறநறவென்று உணர்ந்தால் தசைநாண் உறை அழன்றிருக்கிறது. அலையில் பயந்து கைப்பிடியை இறுக்குவது, ஒவ்வொரு வலிப்புக்கும் மணிக்கட்டை மடக்கித் துடுப்பின் அலகை (நீரைத் தள்ளும் தட்டையான முனையை) படுக்கவைப்பது, ஈரமும் குளிரும், இவை சேர்ந்தே இதைக் கொண்டுவரும். நறநறப்பு தெரிந்த அன்றே கரையேறி இரண்டு மூன்று நாள் கைக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தணியும். அதோடு துடுப்பு வலித்துக்கொண்டே போனால் வாரக்கணக்கில் இழுக்கும்.

திரும்பப் படகில் ஏறுமுன் மூன்று மாற்றம் செய்யுங்கள். துடுப்பில் உள்ள காலரை (துடுப்புத் தாங்கியில் முட்டி நிற்கும் வளையத்தை) அலகுப் பக்கமாக 1 அல்லது 2 செ.மீ. நகர்த்துங்கள், வெளிப்பக்க நீளம் குறைவதால் ஒவ்வொரு வலிப்பும் இலகுவாகும். இரண்டு துடுப்பிலும் அளவு ஒன்றாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் படகு ஒருபக்கம் இழுக்கும், அந்தச் சுமை முதுகுக்குப் போகும். அடுத்து, அலகைப் படுக்கவைக்காமல் நிமிர்ந்தபடியே வலியுங்கள். அப்போது அலகு அலைமுகட்டில் தட்டும் என்பதால் துடுப்புத் தாங்கியின் கீழ் வாஷர் போட்டு 1 செ.மீ. உயர்த்துங்கள். எதிர்காற்றில் நிமிர்ந்த அலகு காற்றைப் பிடித்துக் கையைத் தளர்த்திவிடும்; அந்த நாளில் புறப்படாதீர்கள். மூன்றாவது, மணிக்கட்டு பின்னால் மடியாதபடி டேப் சுற்றுங்கள். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ சுற்று இறுக்கம்.

கொப்புளத்தின் தோலை உரிக்கவே கூடாது. இறுக்கமாகி வலித்தால் மட்டும் கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை அப்படியே விட்டு, ஒட்டாத பஞ்சுத்துணி வைத்து ஜிங்க் ஆக்சைடு டேப் போடுங்கள். உட்காருமிடத்து உப்புப் புண்ணுக்கு மருந்தைவிட நல்ல தண்ணீர் முக்கியம்: தினமும் உப்பைக் கழுவி, முழுக்கக் காயவைத்து, பிறகு ஜிங்க் களிம்பு. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சிவப்புக் கோடு மேலேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கடல்நீர்க் கிருமிகளில் சில ஒரே நாளில் ஆளைச் சாய்க்கும்.

விலா எலும்பில் மட்டும் சமரசம் வேண்டாம். ஒரே புள்ளியில் வலி, நாளுக்கு நாள் கூடுவது, ஆழ்ந்து மூச்சிழுத்தாலும் இருமினாலும் படுக்கையில் புரண்டாலும் குத்துவது, இவை அழுத்த முறிவின், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் விரிசலின், அறிகுறிகள். எந்தக் காலரை நகர்த்தினாலும் இது சரியாகாது. பல வாரம் துடுப்பைத் தொடக்கூடாது. முதுகுவலியோடு காலில் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அது அவசரநிலை. காத்திருக்காமல் உதவி கேளுங்கள்.

வலி மாத்திரையைப் புறப்படும்முன் போடாதீர்கள். எச்சரிக்கை மணியை அது அடைத்துவிடும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது இபுபுரூஃபன் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால், கரையேறி, தண்ணீர் குடித்து, சாப்பிட்டபின்தான் அது.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் காலையில், தரையில் நின்று முடிவுசெய்யுங்கள். வலியை 10-க்கு அளந்துகொள்ளுங்கள். 3-க்குள் இருந்தால் வழக்கமான தூரத்தில் பாதி. 4, 5 என்றால் அடுத்த ஒதுங்குமிடம் வரை மட்டும். அதற்கு மேல் புறப்படவேண்டாம். அந்தப் பாதித் தூரத்துக்குள்ளும் படகைக் கரையேற்றக்கூடிய இடங்களை வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றிலும் எந்தக் காற்றில் அலை உடையும் என்று எழுதிவையுங்கள். குன்றுச்சுவர் நீளும் பகுதியைக் காயத்தோடு கடக்காதீர்கள்.

நடுவழியில் கை ஓய்ந்தால், கரைக்குப் போய்விடலாம் என்று நம்பிக்கை இருக்கும்போதே வி.எச்.எஃப். கடல் வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் 'பான்-பான்' (உயிராபத்து இல்லாத அவசர அழைப்பு) என்று மும்முறை சொல்லி, இருக்குமிடத்தையும் காயத்தையும் தெரிவியுங்கள். ஆழம் குறைவென்றால் உடனே நங்கூரம் போடுங்கள், நகர்வது நிற்கும். உயிராபத்து வந்துவிட்டால் 'மேடே' என்ற ஆபத்து அழைப்பு, கூடவே செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படைக்குச் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி. வானொலியும் கருவியும் உடம்பில் கட்டியிருக்கவேண்டும், படகில் அல்ல.

ஓய்வுக்குப்பின் முதல்நாள் அலையடங்கிய இடத்தில் 20 நிமிடம், மெதுவாக. மறுநாள் காலை வலி கூடாமலிருந்தால் 40. கூடியிருந்தால் இன்னும் இரண்டு நாள் கரையில்.