புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் அரிய பறவையைக் கண்டால்: உறுதிசெய்வதும் பதிவுசெய்வதும்

ஒரு பறவையை அரியது என்று சொல்வதற்கு முன், அது எந்த இடத்துக்கு, எந்த மாதத்துக்கு அரியது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஊசுட்டேரியில் தை மாதத்தில் ஊசிவால் வாத்துகள் இறங்குவது எதிர்பார்க்கக்கூடியதே. அதே வாத்து ஆனி மாதத்தில் தனியாக ஒன்று நிற்குமானால் அது குறித்துவைக்க வேண்டிய செய்தி. ஐப்பசியில் ஆறுமணிக்குருவி புதுச்சேரி நகரத்தின் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இறங்குவது காண்பவருக்கு வியப்பாக இருந்தாலும், தெற்கு நோக்கிய வலசையில் அது வழக்கமாக நடப்பதுதான். ஆகவே இந்த வேலைக்கு முதல் தேவை, வட்டாரத்தின் சாதாரணப் பறவைகளை எல்லாப் பருவத்திலும் எல்லா வயதிலும் அறிந்திருப்பதே. பாகூர் ஏரியையோ பெருமாள் ஏரியையோ ஆண்டு முழுவதும் தொடர்ந்து பார்த்து வருபவரின் கண்ணில் வேறுபாடு தானாகவே தட்டுப்படும். 2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு போன்றவற்றில் ஆண்டுதோறும் கலந்துகொள்வதும் இந்தப் பழக்கத்தை வளர்க்கும்.

கண்ட இடத்தில் செய்ய வேண்டியவை

ஐயத்துக்குரிய பறவை கண்ணில் பட்டதும் கையேட்டைத் திறக்க வேண்டாம். அடையாளம் சொல்லும் செயலியையும் திறக்க வேண்டாம். படத்தைப் பார்த்துவிட்டால், அதில் உள்ள அடையாளங்களைப் பறவையிலும் கண்டதாக மனம் ஒப்புக்கொள்ளத் தொடங்கிவிடும். முதலில் நின்ற இடத்திலிருந்தே, எவ்வளவு தெளிவற்றதாக இருந்தாலும், ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அருகில் போய் நல்ல படம் எடுக்கலாம் என்று நகரும்போது பறவை பறந்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. அடுத்து, பக்கத்தில் நிற்கும் தெரிந்த பறவை ஒன்றும் சேர்ந்து வரும்படி ஒரு படம் வேண்டும், ஏனென்றால் தனியாக நிற்கும் பறவையின் உருவ அளவை எவராலும் நம்பிக்கையோடு சொல்ல முடியாது. நெருக்கமான படங்களுக்கு அதன் பிறகே முயல வேண்டும். பறக்கும்போது சிறகையும் வால் மேற்புறத்தையும் காட்டும் படம் ஒன்று கிடைத்தால், உட்கார்ந்திருக்கும் பத்துப் படங்களைவிட அது பயன்படும். குரல் கேட்டால் கைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்து, பதிவின் முடிவில் தேதியையும் இடத்தையும் வாயால் சொல்லிவைக்கலாம்.

நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. காலையில் கரையில் நின்று கடலைப் பார்த்தால் வெயில் முகத்தில் அடிக்கும்; ஆலாவும் கடற்காகமும் வெறும் கருநிழலாகத் தெரியும், சிறகின் நிறம் பொய் சொல்லும். கடற்பறவைகளைப் பிற்பகலில் பார்ப்பதும், ஏரிகளில் காலை வேளையில் கிழக்குக் கரையில் நின்று பார்ப்பதும் நல்லது. அதற்கு வாய்ப்பில்லாதபோது, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைக் குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

பறவை கண்முன் இருக்கும்போதே குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: அலகின் நீளம் தலையோடு ஒப்பிட எவ்வளவு, அதன் வடிவம் என்ன, காலின் நிறம், கண்ணின் நிறம், சிறகுப் பட்டைகள், பறக்கும்போது கால் வாலுக்கு அப்பால் நீண்டதா, எப்படி இரை தேடியது, எவ்வளவு தொலைவில் இருந்தது, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எந்தத் தொலைநோக்கி வழியாகப் பார்த்தீர்கள். பார்க்க முடியாமல் போனதையும் எழுத வேண்டும். ‘கால் சேற்றில் புதைந்திருந்தது, நிறம் தெரியவில்லை’ என்ற ஒரு வரி, அந்தக் குறிப்பில் உள்ள மற்ற வரிகளையும் நம்பத்தக்கவையாக்கும்.

வேறு எதுவுமில்லை என்று காட்டுவது

என் கருத்தில் முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ‘இது இன்ன பறவை’ என்று சொல்வது பாதி ஆவணம்தான். அதைப் போலவே தோன்றும் மற்றப் பறவைகளை எந்த அடையாளத்தால் விலக்கினோம் என்று சொல்லும்போதுதான் மீதிப் பாதி நிறைவடைகிறது.

தேங்காய்த்திட்டு முகத்துவாரத்திலோ பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கழிமுகத்திலோ நிற்கும் கடற்காகக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலானவை பழுப்புத்தலைக் கடற்காகங்களாகவே இருக்கும். அவற்றுள் கருந்தலைக் கடற்காகம் ஒன்றைக் கண்டதாக எழுத விரும்புபவர், குளிர்காலத்தில் இரண்டுக்குமே தலை வெளுத்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வளர்ந்த பழுப்புத்தலைக்குக் கருவிழி வெளிர்நிறம், கருந்தலைக்கோ அடர்நிறம். ஆனால் இளம் பழுப்புத்தலையின் கண்ணும் அடர்நிறமாகவே இருப்பதால், கண்ணை மட்டும் சான்றாகக் கொண்டால் முடிவு தவறிவிடும். சிறகை விரிக்கும் வரை காத்திருக்க வேண்டும். வளர்ந்த பழுப்புத்தலையின் சிறகு நுனியில் அகன்ற கருமையும் அதற்குள் வெள்ளைப் பொட்டுகளும் இருக்கும். கருந்தலையின் சிறகிலோ முன்விளிம்பு முழுவதும் வெள்ளை ஆப்பு போல ஓடி, கருமை நுனியில் மெல்லிய விளிம்பாக மட்டும் நிற்கும்.

மணல் உப்புக்கொத்திகள் என்னும் சிறு கரைப்பறவைகள் இதைவிடக் கடினமானவை. பெரிய மணல் உப்புக்கொத்தி, சிறிய மணல் உப்புக்கொத்தி என்ற இரண்டும் ஒரே சேற்றில் ஒன்றாக மேய்கின்றன. பெரியதன் அலகு நீண்டு தடித்தது. கால்கள் நீண்டவை, பொதுவாக வெளிறியவை. பறக்கும்போது விரல்கள் வாலுக்கு அப்பால் தெரியும். இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் கண்டு முடிவெடுக்கக் கூடாது. சிறியது என்று நாம் ஒரே பெயரில் எழுதிவந்த பறவையை அண்மை ஆண்டுகளில் அறிஞர்கள் சைபீரிய, திபெத்திய மணல் உப்புக்கொத்திகள் என இரண்டு இனங்களாகப் பிரித்துவிட்டனர். இனப்பெருக்கக் கால இறகுத் தோற்றத்தில் சைபீரியப் பறவையின் நெற்றியில் வெண்மை தெரியும். திபெத்தியதன் நெற்றி பெரும்பாலும் கருமையாக இருக்கும். படமும் விரிவான குறிப்பும் உள்ள பழைய பதிவுகளை இன்று எடுத்துச் சரியான இனத்தில் சேர்க்க முடிகிறது. வெறும் பெயரும் எண்ணிக்கையும் உள்ள பதிவுகளை வைத்து ஒன்றும் செய்ய இயலாது. நாளை எந்தப் பறவை இப்படிப் பிரிக்கப்படும் என்று இன்று நமக்குத் தெரியாது என்பதால், எழுதும்போது தாராளமாகவே எழுத வேண்டும்.

இனத்தைத் தவறாகக் கணிக்க வைக்கும் மற்ற காரணங்களும் உண்டு. நிறமிக் குறைவால் வெளுத்துப்போன சாதாரணப் பறவை, இறகு உதிர்க்கும் நிலையில் வால் இழந்த பறவை, சேறோ எண்ணெயோ படிந்த பறவை ஆகியவை அரியவை போலத் தோன்றும். கூண்டிலிருந்து தப்பிய வளர்ப்புப் பறவையாக இருக்குமோ என்றும் பார்க்க வேண்டும். தேய்ந்த இறகு முனைகள், மனிதரைக் கண்டு அஞ்சாமை, வளர்ப்பவர்கள் குஞ்சிலேயே காலில் மாட்டிவிடும் இணைப்பில்லாத மூடிய உலோக வளையம் ஆகியவை அந்த ஐயத்தை எழுப்ப வேண்டிய குறிகள்.

இடத்தைச் சரியாக எழுதுவது

புதுச்சேரியில் இது மற்ற ஊர்களைவிடச் சிக்கலானது. ஊசுட்டேரியின் ஒரு பகுதி புதுச்சேரிக்கும் மறுபகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துக்கும் உரியது. ஒரே தண்ணீரில் நீந்தும் பறவை சில நிமிடங்களில் மாநிலம் மாறிவிடும். பாகூர்ப் பக்கத்தில் புதுச்சேரியின் ஊர்களும் கடலூர் மாவட்டத்தின் ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. மேலும் யூனியன் பிரதேசம் என்ற வகையில் கேரளக் கரையில் உள்ள மாகியும் ஆந்திரக் கரைப் பக்கத்தில் உள்ள ஏனாமும் புதுச்சேரிதான். ‘புதுச்சேரியில் கண்டது’ என்று மட்டும் எழுதினால், அது அரபிக்கடல் ஓரமா வங்கக்கடல் ஓரமா என்பதே விளங்காமல் போகும். எனவே மாவட்டம், ஊர், நீர்நிலையின் பெயர், நின்ற கரை ஆகியவற்றோடு, கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை எண்களையும் எழுத வேண்டும். பார்த்தவர் நின்ற இடம் ஒன்று, பறவை இருந்த இடம் மற்றொன்று என்றால் இரண்டையும் குறிக்க வேண்டும்.

இடத்தைத் தவறாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரோடு தொடர்புடைய சான்றே உள்ளது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா நம் பகுதியின் பல பறவைகளை முதன்முதலில் விவரித்தவர். கௌதாரியின் அறிவியல் பெயரில் பாண்டிசெரியானஸ் என்று நம் ஊர்ப் பெயர் இருப்பதற்கு அவர் எழுதிய விவரிப்பே அடிப்படை. ஆனால் அதே சொன்னரா, ஆஸ்திரேலியாவுக்குரிய சிரிக்கும் குக்கபரா என்ற மீன்கொத்தியை நியூ கினியில் கண்டதாக எழுதிவிட்டார். 1783இல் அதற்கு நியூ கினிக்குரியது என்று பொருள்படும் நோவேகினியே என்ற அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பறவை நியூ கினியில் இல்லவே இல்லை. பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

பதிவேற்றுவதும் சரிபார்ப்பும்

கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய ஈபேர்ட் இணையதளமே இன்று இப்பதிவுகளுக்கான முதன்மை இடம். ஒரு பட்டியலில் வழக்கத்துக்கு மாறான இனத்தையோ எண்ணிக்கையையோ சேர்த்தால், அது விளக்கம் கேட்கும். அங்கே ‘நன்றாகப் பார்த்தேன்’ என்று எழுதுவது விளக்கமாகாது. குறிப்பேட்டில் உள்ளதை அப்படியே எழுத வேண்டும். கண்டதையும் ஊகித்ததையும் தனித்தனி வாக்கியங்களில் வைக்க வேண்டும். மீனவரோ ஆடு மேய்ப்பவரோ சொன்ன செய்தியை, அவர் சொன்ன பறவைப் பெயரோடு, அவர் கூற்றாகவே எழுத வேண்டும். அவர்கள் பார்வை பெரும்பாலும் கூர்மையானது. ஆனாலும் அது உங்கள் காட்சி அல்ல.

படங்களை வெட்டாத, திருத்தாத மூலக் கோப்பாகப் பாதுகாக்க வேண்டும். இன்றைய கைபேசிகள் பலவற்றில் பெரிதாக்கி எடுக்கும்போது மென்பொருள் தானே கூர்மை சேர்த்து, இல்லாத இறகுக் கோடுகளை உண்டாக்கிவிடுவதும் உண்டு. எனவே கைபேசிப் படத்தில் மட்டுமே தெரியும் நுண்ணிய அடையாளத்தை ஒற்றைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். கேமராவின் கடிகாரம் சரியாக உள்ளதா என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிவைச் சரிபார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் கேள்வி கேட்பது உங்கள் நேர்மையை ஐயுறுவதாகாது. நீங்கள் இல்லாத காலத்திலும் பதிவு தனித்து நிற்குமா என்பதே அவர்களின் கேள்வி. உறுதிப்படுத்த இயலாது என்று அவர்கள் சொன்னாலும் உங்கள் பட்டியலில் அது இருக்கும். பின்னாளில் சான்று கிடைத்தால் மீண்டும் பார்க்கப்படும். மாநிலத்துக்கே முதல் பதிவு என்று கருதத்தக்கதை, இந்தியன் பேர்ட்ஸ் போன்ற ஆய்விதழுக்குச் சிறு குறிப்பாக எழுதி அனுப்புவது முறையானது.

புயலுக்குப் பின்னும், வளையமிட்ட பறவையும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இக்கரையைக் கடந்தன. இப்படிப்பட்ட காற்று, கரைக்கு வராத ஆழ்கடல் பறவைகளை உள்நாட்டு ஏரிகள் வரை தள்ளிவிடக்கூடும். புயல் ஓய்ந்த முதல் இரண்டு மூன்று நாட்களே அவற்றைக் காணும் காலம். முதலில் உங்கள் பாதுகாப்பும் மீட்புப் பணிகளுக்கு இடையூறு செய்யாமையும் முக்கியம். சோர்ந்த பறவையைப் படத்துக்காக விரட்டக் கூடாது. வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இறந்து ஒதுங்கியிருந்தால், அளவுகோலோ நாணயமோ பக்கத்தில் வைத்து அலகு, கால், விரித்த சிறகின் மேல்புறம், அடிப்புறம் எல்லாவற்றையும் படமெடுக்கலாம். உடலை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை.

காலில் ஆய்வாளர்கள் இட்ட வளையமோ நிறக்கொடியோ உள்ள பறவையென்றால், எந்தக் கால், முழங்கால் போலத் தெரியும் மூட்டுக்கு மேலா கீழா, நிறங்கள் என்ன வரிசையில் உள்ளன, எழுத்தும் எண்ணும் என்ன என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். கொடியின் நிறச் சேர்க்கையே எந்த நாட்டில் வளையமிட்டார்கள் என்பதைச் சொல்லும். கோடியக்கரையில் நெடுங்காலமாக வளையமிட்டுவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அதைத் தெரிவிக்கலாம்.

சொல்லாமல் காக்க வேண்டியவை

கூடு, குஞ்சு, ஆந்தை அடையும் மரம் ஆகியவற்றின் சரியான இடத்தை உடனே வெளியிட வேண்டாம். பதிவை அன்றே எழுதிவைத்து, பருவம் முடிந்தபின் வெளியிடலாம், அல்லது இடத்தைப் பொதுவாகக் குறிக்கலாம். பதிவுசெய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை வெளியே வரவழைப்பதையும் நீர்ப்பறவைக் கூட்டத்தின் மேல் டிரோன் பறக்கவிடுவதையும் அறவே தவிர்க்க வேண்டும். பிச்சாவரத்தின் அலையாத்திக் கால்வாய்களிலும் கழுவேலியின் சேற்றிலும் வேற்றுநாட்டு உள்ளான்கள் திரும்பும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்க்கவே இறங்குகின்றன. ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் அவை சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது.